நல்ல நிலையில் உள்ள வீடு

ஆறு வயதில் என் மகளின் இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு இரண்டு வழிகளைச் சொன்னார்கள். வாரத்தில் மூன்று நாள் அங்கே வந்து இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளலாம். அல்லது வயிற்றில் சிறு குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் வழியாக மருந்துத் தண்ணீரை ஏற்றி இறக்கி, நாளுக்கு நான்கு முறை வீட்டிலேயே நாங்கள் செய்யலாம். வீட்டில் செய்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம். நாங்கள் வீட்டைத்தான் கேட்டோம். எந்த வீடு என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தவர் ஒரு தமிழ்த் தாதி. சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஓடுகிற தண்ணீரில் முழங்கை வரை கை கழுவு, ஜன்னலை மூடு, மின்விசிறியை நிறுத்து, முகக்கவசம் போடு, குழாயின் முனை எதிலும் படாமல் பார்த்துக்கொள் என்று அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடு போட்டேன். பரீட்சைக்கா படிக்கிறாய் என்று சிரித்தார். உண்மையில் அப்படித்தான் படித்தேன். பள்ளியில் ஒரு நாளும் வீட்டுப்பாடம் செய்யாமல் போனவள் அல்ல நான்.

அப்போது புக்கிட் பெருந்துங்கில் ஓர் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். அதுதான் கடைசி மாடி. லிஃப்ட் கிடையாது. தலைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி. அது எங்கோ கசிந்து, மகளின் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவர் எப்போதும் ஈரமாகவே இருக்கும். கறுப்புக் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும். குளோரோக்ஸ் ஊற்றித் தேய்த்தால் பத்து நாள் மறையும், பிறகு அதே இடத்தில் முளைக்கும். குழாயில் தண்ணீர் வேகம் குறைந்தால் முதலில் நின்றுபோவது எங்கள் மாடியில்தான். மாதம் ஒருமுறை மருந்துத் தண்ணீர்ப் பெட்டிகளை லோரிக்காரர்கள் படிக்கட்டின் கீழே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ரவாங் தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும் என் கணவர் அவற்றை ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து மேலே ஏற்றுவார். வைக்க வேறு இடமில்லாததால் அந்த ஈரச்சுவர் ஓரமாகவே பிளாஸ்டிக் விரித்து அடுக்குவோம்.

வயிற்றிலிருந்து இறங்கும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பையை நாளிதழின் மேல் வைத்தால், அதன் வழியே எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். ஒரு காலை எழுத்து தெரியவில்லை. கிருமி புகுந்துவிட்டது. இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. நான்கு மாதம் கழித்து மறுபடியும் அதே கலங்கல், அதே ஆஸ்பத்திரி. தப்பு என் கையில்தான் என்று நினைத்தேன். எத்தனை விநாடி கழுவினேன், சோப்பு நகத்துக்குள் போனதா, அன்றைக்கு ஒரு முறை தும்மினேனே, கவசம் இருந்ததா? என் கணவர் ஒரே வார்த்தையில் சொன்னார், சுவர் என்று. டாக்டரும் சுவரைப் பற்றித்தான் விசாரித்தார். மூன்றாம் முறை வந்தால் வயிற்றுக் குழாயை எடுத்துவிட்டு இயந்திரத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும், அதற்குள் வீட்டை மாற்றப் பாருங்கள் என்று கடிதம் கொடுத்தார். அந்த வருடம்தான் மகள் முதலாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

அரசாங்க மலிவு வீட்டுக்காக ஏற்கெனவே பெயர் பதிந்திருந்தோம். டாக்டரின் கடிதத்தை அதோடு சேர்த்துக் கொடுத்தோம். ஒரு நாள் அழைப்பு வந்தது. வியாழக்கிழமை அதிகாரி ஒருவர் எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

நான் பிறந்தது அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கம், ஒரு தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். எனக்குப் பன்னிரண்டு வயதாகும்வரை அங்கேதான் இருந்தோம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் வீடு வீடாகச் சுத்தம் பார்க்க வரும் நாளில் லயமே தலைகீழாகும். வாசல் கால்வாயைத் தேய்ப்பார்கள், பானைகளைக் கவிழ்ப்பார்கள், கிழிந்த போர்வையை மறைப்பார்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கும் முகம் கழுவிப் பவுடர் போட்டு நிமிர்த்தி உட்கார வைப்பார்கள். வீடு அழுக்கு என்று எழுதிவிட்டால், மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில் மேற்பார்வையாளரான மண்டோர் எல்லார் முன்னாலும் பெயரைச் சொல்லிக் கேட்பார். அதைவிடப் பெரிய அவமானம் எங்களுக்குத் தெரியாது. மேலிடத்திலிருந்து ஆள் வந்தால் குறையைக் காட்டக் கூடாது. இதை யாரும் எனக்குப் பாடமாகச் சொல்லவில்லை. அது கையில் இருந்தது.

புதன்கிழமை என் கணவர் பெயிண்ட் வாங்கி வந்து சுவர் முழுக்க வெள்ளை அடித்தார். எதிர்வீட்டு அக்காவும் தோட்டத்தில் வளர்ந்தவர்தான். பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "என்னாது இது, கடைக்கு ஸ்தோர் மாதிரி? ஆபிசர் வராங்கன்னா வீடு வீடா இருக்கணும்லா" என்றார். அத்தனை பெட்டியையும் அவர் வீட்டுக்குள் மாற்றினோம். தம் வீட்டுத் தீபாவளித் திரைச்சீலையைக் கழற்றி எங்கள் ஜன்னலில் மாட்டினார். பை தொங்கவிடும் இரும்புக் கம்பி குளியலறைக் கதவுக்குப் பின்னால் போனது. வியாழக்கிழமை மதியம் செய்ய வேண்டிய சிகிச்சையைக் காலையிலேயே முடித்துவிட்டேன். அது தப்பு என்று தெரிந்தே செய்தேன். மகளுக்குப் பட்டுப்பாவாடை, பொட்டு, பவுடர்.

அதிகாரி இளம் வயது மலாய்ப் பெண். தேத்தண்ணியும் முறுக்கும் வைத்தோம். மகள் பள்ளியில் கற்ற மலாய்ப் பாட்டொன்றைப் பாடிக் காட்டினாள். அந்தப் பெண் சிரித்து, கை தட்டி, அறைகளைச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, இந்த வீட்டில் ஏதாவது சிரமம் இருக்கிறதா என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் பல மாதங்களாகக் காத்திருந்தேன். ஆனால் என் வாய், பரவாயில்லை புவான், சமாளித்துக்கொள்கிறோம் என்று 'அம்மணி' போட்டு மலாயில் மரியாதையாகப் பதில் சொன்னது.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. இப்போது குடியிருக்கும் வீடு நல்ல நிலையில் உள்ளது, ஆகவே முன்னுரிமை தர இயலாது. என் கணவர் அதைப் படித்து முதலில் சிரித்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் அவர் அடித்த வெள்ளையைக் கிழித்துக்கொண்டு பூசணம் வெளியே வந்திருந்தது.

அடுத்த கிளினிக் நாளில் கடிதத்தை சிஸ்டரிடம் காட்டினேன். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீ அவங்களுக்கு எந்த வீட்டக் காட்டுனேம்மா?"

எல்லாவற்றையும் சொன்னேன். திரைச்சீலையைக்கூட விடவில்லை. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"டாக்டர் கடுதாசில புள்ளைக்குச் சீக்கு. நீ காட்டுன வீட்டுல சீக்கே இல்ல. அவங்க கண்ணால பாத்ததத்தான எழுதுவாங்க?" என்றார். மேல்முறையீடு எழுதச் சொன்னார். தாமும் ஒரு கடிதம் தருவதாகச் சொன்னார்.

நானே எழுதினேன். நான்கு பக்கம் வந்ததை என் கணவர் பார்த்து, டிரசர்கூட இவ்வளவு எழுத மாட்டார் என்றார். ஒரு பக்கமாகக் குறைத்தேன். அதில் ஒரு வரிதான் என்னைப் படாதபாடு படுத்தியது: முதல் முறை அதிகாரி வந்தபோது சுவருக்கு வெள்ளை அடித்து, பெட்டிகளையும் மறைத்துவிட்டோம். இதை எழுதினால் பொய்க்காரி என்று ஒரேயடியாகப் பெயரை நீக்கிவிடுவார்களோ? எழுதாவிட்டால், இரண்டாம் முறை பார்ப்பதை ஏன் நம்ப வேண்டும்? அந்த வரியை மூன்று முறை எடுத்தேன், மூன்று முறை சேர்த்தேன். சேர்த்திருந்த ஒரு நேரத்தில் என் கணவர் தாளை வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிட்டார்.

இரண்டாம் முறையும் அதே அதிகாரி வருவதாகச் சொன்னார். மதியம் ஒரு மணிக்கு வர முடியுமா என்று நானாகவே கேட்டேன். அது சிகிச்சை நேரம்.

அன்றைய காலை மாதிரி ஒரு சிரமமான காலை எனக்கு இருந்ததில்லை. கை சும்மா இருக்க மறுத்தது. சுவரைத் துடைக்கக் கூடாது, பெட்டியை நகர்த்தக் கூடாது. அக்கா எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "இப்படியே விடப்போறியா? நம்ம ஆளுங்களப் பத்தி என்னா நெனைப்பாங்க?" எனக்கும் அதே பயம்தான். என் கணவர் துடைப்பத்தோடு நின்றுகொண்டு, "கூட்டவாவது விடேம்மா" என்றார். அதில் நியாயம் இருந்தது. நாங்கள் அழுக்கானவர்கள் இல்லையே.

"கூட்டுங்க. சுவத்தயும் பெட்டியையும் மட்டும் தொடாதீங்க" என்றேன்.

அதிகாரி வந்தார். இந்த முறை தேத்தண்ணி இல்லை. நான் அவரிடம் ஒரு முகக்கவசத்தைக் கொடுத்து, ஜன்னல்களை மூடினேன், விசிறியை நிறுத்தினேன். மகள் வீட்டுச் சட்டையில் கட்டிலில் சாய்ந்திருந்தாள், தலைக்குப் பின்னால் கறுத்த சுவர். நான் கை கழுவ ஆரம்பித்து சோப்பு நுரை முழங்கையில் இருந்தபோது குழாய் நின்றுபோனது. இதை நான் திட்டமிடவில்லை. என் கணவர் வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை மொண்டு என் கையில் ஊற்றினார். வழக்கமாக அப்படித்தான் செய்வோம். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் இறங்கி, புதிய தண்ணீர் ஏறி முடிய முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் அந்தப் பெண் காற்றில்லாத அறையில் தலைத்துணி நனைய வியர்த்தபடி உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எழுந்து, ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி கீழே வைத்தார். பூசணத்தை விரலால் தொட்டு, படம் எடுத்தார். மாதம் எத்தனை பெட்டி, யார் தூக்குவது, எத்தனை படி என்று கேட்டு எழுதினார். படிகளின் எண்ணிக்கையை மகள்தான் சொன்னாள். ஏறும்போதெல்லாம் எண்ணுவாளாம். எனக்கே அது தெரியாது.

முதல் முறைக்காக மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் வேண்டாம் என்பதுபோல் அவர் கையை ஆட்டினார். போன தடவை இங்கிருந்து போய்த் தம் அம்மாவிடம், நம் வீட்டைவிடச் சுத்தமான வீடு பார்த்தேன் என்று சொன்னாராம். பிறகு, இப்போது கேட்கிறேன், சிரமம் இருக்கிறதா என்றார்.

இருக்கிறது புவான் என்றேன். வரிசையாகச் சொன்னேன். நடுவில் ஒரு முறைகூடப் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்துத் தொலைபேசியில் சொன்னார்கள்: ஈஜோக்கில், ஒற்றை மாடி வரிசை வீடு, படிக்கட்டே கிடையாது. எங்களுக்குத்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். அடையாள அட்டை எண்ணைச் சரிபார்க்கச் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாக என் கணவரின் எண்ணை முழுக்கப் படித்தார். இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். படித்தார். பிறகு ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அக்கா என்னைக் கட்டிப் பிடித்து அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அப்படியே போட்டு வெச்சாத்தான் வீடு குடுப்பாங்களா? தெரிஞ்சிருந்தா நான் பத்து வருசத்துக்கு முன்னமே கூட்டுறத நிறுத்தியிருப்பேன்லா" என்றார்.

அன்றைக்கே எனக்கு இன்னொரு கவலையும் பிடித்துக்கொண்டது. எங்களுக்கு முன்னால் நின்ற யாரோ ஒரு குடும்பம் எங்களால் பின்னால் தள்ளப்பட்டிருக்குமோ? சாவி வாங்கிப் புதிய வீட்டு வாசலில் நின்றபோதும் அதையே கேட்டேன். என் கணவர், "மூணு வருசமா நாமளுந்தான் அந்த வரிசையில நின்னோம். உள்ள போம்மா" என்றார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆனாலும் உள்ளே போனேன்.

புதிய வீட்டின் பின்னால் செம்பனை மரங்கள். வெளியே பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே சுவர்கள் காய்ந்திருந்தன. மகளின் அறைக்குள்ளேயே கை கழுவும் தொட்டி ஒன்றை என் கணவர் பொருத்தினார். தண்ணீர் நின்றாலும் குழாய் ஓட வெளியே தனித் தொட்டி வைத்தார். லோரிக்காரர்கள் முதல் மாதப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் நேராக உள்ளே உருட்டி வந்து, கால்மணி நேரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். என் கணவர் தூக்க ஒன்றுமில்லாமல் வாசலில் நின்றிருந்தார்.

அறையைப் பார்க்க சிஸ்டர் வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே நான் குறைகளைச் சொல்ல ஆரம்பித்தேன். கதவின் அடியில் இடைவெளி இருக்கிறது, மதியம் வெயில் அடிக்கிறது, பின்பக்கம் கால்வாய் ஓடுகிறது. கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டச் சொன்னார். மற்றதெல்லாம் என் மண்டைக்குள் இருக்கிறது என்றார். உள்ளங்கையைச் சுவரில் வைத்து அழுத்திப் பார்த்தார். குழாயைத் திறந்து விட்டுச் சும்மா ஒரு நிமிடம் ஓட விட்டார்.

"நல்ல ரூம். செய்யலாம்" என்றார்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஒரு கலங்கல்கூட வரவில்லை. மகள் காலைச் சிகிச்சையை முடித்துவிட்டுப் பள்ளி வேனில் ஏறுகிறாள், மதியம் வந்து அடுத்ததற்குத் தானே கவசத்தை மாட்டிக்கொண்டு உட்காருகிறாள். இரண்டாம் வகுப்பில் ஆசிரியர் அவளைப் பற்றிச் சொன்ன ஒரே புகார், பேச்சு அதிகம்.

போன கிளினிக் நாளில் டாக்டர் அவள் கோப்பைப் புரட்டி, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். இயந்திரத்துக்கு மாற்றுவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மனம் கேட்கவில்லை, நானாகவே கேட்டேன். எந்த இயந்திரம் என்பது போல என்னைப் பார்த்தார். பிறகு நினைவு வந்து, "அது எதுக்கு இப்ப?" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.