மாம்பழ மஞ்சள் பட்டு

எழுபதுகளின் கடைசியில் தேரடி வீதி ஜவுளிக்கடை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே விற்பனைக்கு நின்ற முதல் பெண் நான்தான். உள்பாவாடை, ரவிக்கைத் துணியை ஆண்களிடம் கேட்கப் பெண்கள் கூச்சப்பட்டதால் என்னை எடுத்திருந்தார்கள். பட்டுப் பக்கம் எனக்கு வேலையில்லை. அது மூத்த விற்பனையாளர் ஒருவரின் ராஜ்ஜியம்.

ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு, செங்கம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாணப் புடவை எடுக்க வந்தது. மணப்பெண் மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட ஆரணிப் பட்டைத் தொட்டுப் பார்த்தாள். மூத்தவர் அதைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"உன் நிறத்துக்கு இது எடுக்காதும்மா. வெளிர் ரோஸ் பாரு."

அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா வெளிர் ரோஸைக் கையில் எடுத்தார். எனக்குச் சுருக்கென்றது. நானும் அதே நிறம்தான். சிறு வயதிலிருந்து வெளிர் நிறமாகவே உடுத்திச் சலித்தவள்.

நேராகப் போய் அந்தப் பட்டை எடுத்தேன். கட்டியிருந்த புடவைக்கு மேலேயே கொசுவம் வைத்துச் செருகி, முந்தானையைத் தோளில் போட்டு, வெயில் விழும் வாசலுக்கு நடந்தேன்.

"டியூப்லைட்ல பார்க்காதீங்க. இங்க வந்து பாருங்க. நானும் கறுப்புதான், எடுக்கலையா?"

பெண்ணின் அம்மா என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "மகாலட்சுமியாட்டம் கீதுடி!" என்றார். பெண் முதல்முறையாக வாய் திறந்தாள். "எனக்கு இதுவே போதும்க்கா."

அவர்கள் போனதும் மூத்தவர் முதலாளியிடம் சீறினார். "கடைப் பட்டை இவ கட்டிக்கிட்டு நிக்கறா, கேக்க மாட்டீங்களா?"

முதலாளி என்னைத்தான் பார்த்தார். "நாளையிலேருந்து நீ பட்டுப் பக்கம் உக்காரும்மா."

"உக்கார மாட்டேங்க. நின்னாத்தான் புடவை தெரியும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். மூத்தவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நானும் போய்ச் சமாதானம் செய்யவில்லை, வேலையைப் பார்த்தேன். "கட்டிக் காட்டுற அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே கல்யாண வீட்டார் வண்டி கட்டி வந்தார்கள்.

எண்பதுகளில் என்னோடு ஐந்து பெண்கள் நின்றார்கள். அவர்களை எடுத்தது நான்தான். வேலை கேட்டு வந்தவர்களிடம் படிப்பை விசாரித்ததில்லை. ஒரு பட்டை நீட்டி, என்னோடு பேசிக்கொண்டே கொசுவம் வைக்கச் சொல்வேன். கண் என் முகத்தில், விரல் துணியில். அப்படி நின்றவள் மறுநாளே வேலைக்கு வந்தாள்.