ஒரு படங்கும் ஒரு தலைவரும்

ஆஸ்பத்திரி அம்புலன்ஸில் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டு, வெங்காயச் சங்கத்தில் மனேஜராகச் சேர்ந்தேன். இனி நிம்மதி என்று நினைத்தேன். சங்கத் தலைவரை அப்போது எனக்குத் தெரியாது.

அம்புலன்ஸில் நான் கற்றது ஒன்றுதான். உரும்பிராய்ப் பக்கத்துத் திருநெல்வேலியில் பஸ் புரண்ட அன்று, விரல் முறிந்து குழறி அழுதவனை முதலில் தூக்கினேன். வேலியோரம் பேசாமல் சாய்ந்திருந்தவன், நான் திரும்பி வருவதற்குள் போய்விட்டான். குழறுகிறவனுக்கு உயிர் இருக்கிறது. பேசாமல் கிடப்பவனிடம்தான் முதலில் ஓட வேண்டும். இந்தப் புத்தி எனக்கு வர ஒரு உயிர் போக வேண்டியிருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஒரு மாசிப் பின்னேரம். களஞ்சியம் முட்ட நிறைந்து, மிச்ச வெங்காயம் முற்றத்தில் கிடந்தது. சொல்லாமல் கொள்ளாமல் மழை வந்துவிட்டது. மூடுவதற்கு ஒரே ஒரு படங்கு. எதை மூடுவது என்று தீர்மானிக்கத் தலைவர் விறாந்தையில் அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்டம் நடத்த ஆள் தொகை குறைவு, கோரம் போதவில்லை என்று ஆள் பிடித்துவர ஒருவரைச் சைக்கிளில் அனுப்பினார். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்ட நாள் பார்க்கிற மனிதர்!

தலைவருடைய வெங்காயம் பள்ளத்தில் கிடந்து ஏற்கெனவே ஊறிவிட்டது. மதிலோரம் உரும்பிராய்க் கமக்காரர் ஒருவர், தன் விதை வெங்காயத்தின் மேல் சால்வையை விரித்துப் பிடித்தபடி பேசாமல் நின்றார். அது நனைந்தால் அடுத்த போகத்துக்கு நட அவரிடம் ஒன்றும் இல்லை. கூலியாட்களோடு படங்கை அங்கே இழுத்தேன்.

"என்ரை வெங்காயத்தை விட்டிட்டு எங்கை போறீர்?" என்றார் தலைவர், நனையாத இடத்தில் நின்றுகொண்டு.

"உங்கடை வெங்காயம் செத்துப்போச்சு, ஐயா. உயிரோடை இருக்கிறதைப் பாக்கிறன்."

விதை தப்பியது. அடுத்த கிழமை சங்க மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் தலைவரின் சமயோசிதத்துக்கு நன்றித் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மழைக்குள் இறங்காத கால்களுக்கு அத்தனை கைதட்டல். அடுத்த தீர்மானம் என்னைப் பற்றியது: தலைவரை அவமதித்தேனாம், கட்டளையை மீறினேனாம். சாட்சிக்கு அந்தக் கமக்காரரை எழுப்பினார்கள். பயிருக்குப் போடும் பசளைக்கு அவர் தலைவரிடம்தான் வர வேண்டும். சால்வை நுனியை முறுக்கியபடி, "நான் ஒண்டையும் கவனிக்கேல்லை," என்றார். எனக்கு அவர்மீதும் அருவருப்பு வந்தது.

அன்றோடு வேலை போயிற்று. நான் குழறவில்லை, கடைசி வாங்குப் பலகையில் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பவனிடம்தான் முதலில் ஓட வேண்டும் என்று தெரிந்தவன் அந்த மண்டபத்தில் நான் ஒருவன்தான்.