பதினொரு மரக்கட்டைகள்

ஈரம் காயாத சப்பாத்துகளின் மணம், அதற்கு மேலே மண்ணெண்ணெய் ஹீட்டரின் மணம், இரண்டுக்கும் மேலே யாரோ குசினியில் தாளிக்கும் கடுகின் மணம். பிளேஸ்டோவில் நாங்கள் இருந்த வீட்டின் முன்கதவைத் திறந்தால் இவை மூன்றும் இந்த ஒழுங்கிலேயே மூக்கில் ஏறும். எண்பதுகளின் கடைசியில், ஒரு மாரிகாலம் முழுவதும், நானும் தங்கை றெஜினாவும் அந்த மணத்துக்குள்தான் வளர்ந்தோம். எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஐந்து.

அப்பா மன்னார்க் கடலில் தொழில் செய்தவர், தன் பெயரை எழுதுவதற்கு மேல் படிக்காதவர். லண்டனுக்கு வந்து ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. மேல்மாடியில் தெருப்பக்க அறை எங்கள் நால்வருக்கும். பின்னறையில் ரஞ்சன் மாமாவும் வேறு இரண்டு இளைஞர்களும் இருந்தார்கள். கீழ் முன்னறையில் கைக்குழந்தையோடு ஒரு புருசன் பெண்சாதி. மாடிப்படிக்குக் கீழே, துடைப்பமும் வாளியும் வைக்கக் கட்டிய இடுக்கில், மெத்தையொன்றை மடித்துப் போட்டுச் சூசை மாமா படுத்தார். ஆகப் பதினொரு பேர். ஆனால் அந்த வீட்டில் அத்தனை பேர் இருக்கக் கூடாது, கவுன்சில் அறிந்தால் எல்லோரையும் தெருவில் விட்டுவிடும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அவர் நோர்பரியில் இருந்தார். வந்துபோகும் ஒவ்வொரு தடவையும் எங்களைப் படிக்கட்டில் வரிசையாக இருத்திப் பாடம் எடுப்பார்.

"ஆர் வந்து கேட்டாலும் இஞ்ச ஒரே குடும்பம், நாலு பேர். மற்ற ஆக்கள் விருந்துக்கு வந்து போறவை. பிள்ளையள், வாய் திறக்கப்படாது, விளங்குதோ?"

அழைப்பு மணி அடித்தால் முதலில் மறைய வேண்டியவை சப்பாத்துகள். முன்கதவுக்குள் குவிந்து கிடக்கும் அத்தனை சோடிகளைப் பார்த்தால் எந்த மடையனுக்கும் விசயம் விளங்கிவிடும் அல்லவா? அந்த வேலையை றெஜினா தானாகவே எடுத்துக்கொண்டாள். குதியும் நுனியும் எதிரெதிராகப் படுக்கவைத்து, சிறியதைப் பெரியதின் வளைவுக்குள் செருகி, எங்கள் நான்கு சோடியை மட்டும் வெளியே விட்டு, மிச்சம் ஆறு சோடியையும் ஒரு சின்னச் சூட்கேசுக்குள் அடுக்கி மூடிவிடுவாள். நான் அடுக்கினால் நான்கு சோடிக்கு மேல் அந்தச் சூட்கேஸ் மூடாது. பதினொரு பேருக்குப் பத்துச் சோடிதானே வருகிறது என்று ஒரு நாள் அவளைச் சோதித்துப் பார்த்தேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "தம்பிக்குட்டிக்கு நடக்கத் தெரியாதே அண்ணா, அவனுக்கு என்னத்துக்குச் சப்பாத்து?" என்றாள்.

பின்னறை இளைஞர்கள் அவளைக் "கணக்கப்பிள்ளை" என்று கூப்பிட்டார்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர் அம்மாவிடம் கேட்கமாட்டார், அவளிடம்தான் கேட்பார்.

"கணக்கப்பிள்ளை, இண்டைக்கு ஆர் ஆர் வீட்டில?"

வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவாள். ஒரு நாள், "சூசை மாமா வேலைக்குப் போயிட்டார், ஆனா அவற்ற ஒரு கால் ரஞ்சன் மாமான்ர" என்றாள். ரஞ்சன் மாமா ஓடிப்போய்ப் பார்த்தால் உண்மைதான், அவருடைய சப்பாத்தில் ஒன்றும் சூசை மாமாவுடையதில் ஒன்றும் மிஞ்சிக் கிடந்தன. "டேய், மனுசன் என்ர காலோட பஸ் ஏறிப் போயிட்டான்ரா" என்று அவர் கத்த, வீடே சிரித்தது. அந்த வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்ததாக எனக்கு நினைவிருக்கும் நாள் அது ஒன்றுதான்.

இப்போது ஆசிரியப் பயிற்சிக்குப் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் இவ்வளவு தூரம் படித்தவன் நான்தான். எண்களின் பெயரை வாய் ஒப்புவிப்பதை வைத்து ஒரு பிள்ளைக்குக் கணக்குத் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது, ஒரு பொருளுக்கு ஒரு பொருள் என்று நேர்வைப்பதிலும், எது எதற்குள் அடங்கும், எது எதற்குப் பின்னால் இருக்கிறது என்று கையாலும் கண்ணாலும் அறிவதிலும்தான் அதன் வேர் இருக்கிறது என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். நான் குனிந்து எழுதிக்கொள்கிறேன். பொம்மையோ விளையாட்டுக் கட்டையோ கண்டிராத ஒரு பிள்ளை இவை எல்லாவற்றையும் அந்த வாசலிலிருந்தே பொறுக்கி எடுத்தாள் என்பதை அங்கே யாரிடம் சொல்வது?

பள்ளிக்கூடத்தில் அவள் வாய் திறக்கவில்லை. வாய் திறக்கக் கூடாது என்று வீட்டில் சொன்னதை அவள் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டாள் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. நான்கு மாதமாக ஒரு சொல்லும் பேசாத பிள்ளையைப் பார்க்க வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அப்பாவையும் வரச்சொல்லியிருந்தார்கள். மொழிபெயர்க்க வரவேண்டியவர் வரவில்லை. என்னை வகுப்பிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போனார்கள்.

அதிகாரி நல்ல மனுசி. தரையில் சப்பணமிட்டு றெஜினாவோடு இருந்தார், ஒரு பெட்டி நிறைய மரக்கட்டைகளைக் கொட்டினார். உன் வீட்டில் எத்தனை பேர், ஒருவருக்கு ஒரு கட்டை வைத்துக் காட்டு என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அவர் மடியில் இருந்த படிவத்தில் எங்கள் வீட்டில் நான்கு பேர் என்று இருந்தது, அப்பா சொல்லி நானே நிரப்பிக் கொடுத்த படிவம்.

அவளுடைய வாயைத்தான் நாங்கள் கட்டியிருந்தோம். கைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மூலையில் நான்கு கட்டைகளை நெருக்கி வைத்தாள். அவற்றுக்குப் பின்னால், ஓர் இடைவெளி விட்டு, மூன்று. எழுந்துபோய்க் கொஞ்சம் தள்ளி இரண்டு, அந்த இரண்டுக்கும் நடுவில் ஆகச் சின்னக் கட்டையாகத் தேடியெடுத்து ஒன்று. பிறகு நீளமான பலகை ஒன்றைச் சரிவாகச் சாத்தி, அதன் அடியில் கையை விட்டு, கடைசிக் கட்டையைப் படுக்கவைத்தாள். எங்கள் வீடு கூரை கழற்றினாற்போல் அந்தக் கம்பளத்தில் கிடந்தது. நான்கு மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

அப்பாவும் கண்டுகொண்டார். கடலில் தூரத்து நேவிப் படகைக் காண்கிறவர்களின் முகம் அப்படித்தான் மாறும் என்று நினைக்கிறேன்.

"அன்ரன்" என்றார், குரலைத் தாழ்த்தி, அதிகாரியைப் பார்த்துச் சிரித்தபடியே. "பிழையாப் போட்டிட்டாள் எண்டு சொல்லு. பிள்ளைக்கு எண்ணத் தெரியாது எண்டு சொல்லு."

"அப்பா, அவள் சரியாத்தானே..."

"சொல்லடா. எல்லாரையும் பிடிச்சுக் குடுக்கப்போறியே?"

நான் சொன்னேன். என் தங்கைக்கு எண்ணத் தெரியாது என்று, வகுப்பில் கற்ற நல்ல ஆங்கிலத்தில், இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன்.

அப்பா குனிந்து ஏழு கட்டைகளை அள்ளிப் பெட்டியில் போட்டார். றெஜினா அவற்றைத் திரும்ப எடுத்து, எந்தெந்தக் கட்டை எங்கெங்கே இருந்ததோ அங்கங்கேயே வைத்தாள். அப்பா மறுபடியும் அள்ளினார். அவள் மறுபடியும் வைத்தாள். மூன்றாம் முறை அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அடிக்கவில்லை, பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். அவள் என்னைப் பார்த்தாள். நான் கட்டைகளைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அதிகாரி என்ன கேட்டும் அவள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. அவர் நெடுநேரம் எழுதினார்.

சில கிழமைகளில் கடிதம் வந்தது. கற்கக் கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கென்று வேறு பள்ளிக்கூடம், காலையில் வெள்ளை வான் வந்து ஏற்றிப்போகும், பெற்றோர் கையெழுத்து வேண்டும். நான் வாசித்துச் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"இஞ்சாருங்கோ, போய்ச் சொல்லுங்கோ. பிள்ளை சரியாத்தான் போட்டவள் எண்டு போய்ச் சொல்லுங்கோ."

"சொன்னா ஏழு பேரையும் சொல்லவேணும். நாங்களும் பொய் சொன்ன ஆக்கள் ஆயிடுவம். கேஸ் என்னாகும்? திருப்பி அனுப்பினா ஆர் பொறுப்பு?"

"அதுக்கு, ஒரு அறைக்கு என்ர பிள்ளையைக் குடுத்திட்டு வந்திருக்கிறியள்."

அப்பா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல்.

வசந்தம் பிறக்குமுன் வீட்டுக்காரர் அந்த வீட்டை விற்றுவிட்டார். இரண்டு கிழமை தவணையில் பதினொரு பேரும் திசைக்கொருவராகப் போனோம். எங்களுக்கு ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடைக்கு மேலே அறை கிடைத்தது, ரஞ்சன் மாமா கனடாவுக்குப் போனார், சூசை மாமா என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. காப்பாற்ற இனி ஒன்றும் இல்லை என்ற பிறகும் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய் உண்மையைச் சொல்லவில்லை. வழக்கு முடியட்டும் என்றார். வழக்கு முடிய நான்கு வருடம் ஆனது. அதற்குள் றெஜினா உண்மையாகவே எண்ணாத பிள்ளையாகிவிட்டாள். மேசையில் எத்தனை கோப்பை என்று கேட்டால் கோப்பையைப் பார்க்கமாட்டாள், கேட்டவரின் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் நிறம் தீட்டக் கொடுத்தார்கள், பாட்டுப் படிப்பித்தார்கள், அன்பாகவும் வைத்திருந்தார்கள். கணக்கு மட்டும் கேட்கவில்லை.

அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. போன மாதம் அந்தத் தெரு வழியாக நடந்தேன். யாரோ உள்சுவர்களை இடித்து, கீழ்த்தளத்தை ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள். படிக்குக் கீழே இடுக்கு இருந்த இடத்தில், கண்ணாடி ஊடாக, ஒரு பியானோ தெரிந்தது. அதிகாரி எழுதிய கோப்பைப் பார்க்க முடியுமா என்று எழுதிக் கேட்டேன். பழைய கோப்புகளை வைத்திருப்பதில்லை என்று பதில் வந்தது. அம்மாவுக்கு அந்தக் கம்பளத்தில் நடந்தது கேள்விப்பட்டது மட்டும்தான். றெஜினாவை விட்டால், கண்ணால் கண்ட சாட்சி இனி நான் ஒருவன்தான்.

றெஜினா இந்த வருடம் பள்ளிக்கூடம் முடிக்கிறாள், கையில் எந்தச் சான்றிதழும் இல்லாமல். அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கட்டைகள் பதினொன்றும் சரி, ஒவ்வொன்றும் இருந்த இடமும் சரி, உனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை என்றேன். கத்தியை வைத்துவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"இல்லை அண்ணா. நான்தான் பிழையாப் போட்டனான். அப்பா எத்தினை தரம் திருத்தினவர், எனக்கு ஞாபகம் இருக்கு. அவர் எனக்குப் பொய் சொல்லமாட்டார்."

"அப்பா இங்கிலிசில ஒரு சொல்லும் சொல்லேல்லை, றெஜி. எண்ணத் தெரியாது எண்டு சொன்னது நான்."

அவள் என் தோளில் ஈரக் கையை வைத்தாள், என்னைத் தேற்றுகிறவள்போல.

"விடுங்கோ. நீங்களும் அப்ப சின்னப்பிள்ளைதானே. உங்களுக்கும் எண்ணத் தெரிஞ்சிருக்காது."