பண்டாரியின் எட்டு ரிப்போர்ட்

கும்பகோணத்தில் கல்யாணச் சமையல் செய்யும் மீரா உசேன் பண்டாரி என்றால் பிரியாணி என்று அர்த்தம். உப்பை அளந்து போடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. தம் போடுமுன் மசாலாவில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவருக்குப் போன வருஷம் குடற்புண் வந்தது. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் வானதி, கிருமிதான் காரணம் என்று பதினான்கு நாள் மாத்திரை கொடுத்தார். மறுமாதம் வந்து காட்டும்வரை காரத்தைத் தொடக்கூடாது என்றார்.

மனுஷர் போகவில்லை. மறுபடி குழாய் விடுவார்களே என்ற பயம். அதற்குப் பதிலாக, யாரும் சொல்லாமலே தெருமுனை லேபில் ரத்தம் கொடுத்தார். கிருமி ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. அடுத்த மாதமும் அதே. எட்டு மாதம் ரத்தம் கொடுத்து, எட்டு மாதமும் தயிர்சோறு தின்றார். உப்பு பார்க்கும் வேலை மனைவி சைத்தூன் பீவிக்குப் போனது. அவள் சட்டிப் பக்கம் குனிந்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “சரியா இருக்குங்க” என்பாள். எல்லாக் கல்யாணத்துக்கும் அதே பதில்தான்.

மகள் ஜஸீலாவின் நிக்காஹ் நெருங்கியது. பெற்ற மகள் கல்யாணச் சோற்றையும் ருசி பார்க்காமல் இறக்குவதா? நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது. எட்டு ரிப்போர்ட்டையும் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடி, பயந்த குழாயையே விழுங்கினார். புண் ஆறித் தழும்புதான் இருந்தது. கிள்ளியெடுத்த சதையிலும் கிருமி இல்லை.

“கிருமி எப்பவோ செத்துப்போச்சு பாய். அதோட சண்டை போட உடம்பு தயாரிச்ச எதிர்ப்புச் சக்திதான் ரத்தத்துல இன்னும் இருக்கு, ரிப்போர்ட்ல வர்றது அதுதான். அது போக வருஷக்கணக்கா ஆகலாம்” என்றார் டாக்டர்.

“கல்யாணம் முடிஞ்சும் பந்தலைப் பிரிக்கலைங்கறீங்க.”

“ஆமா. நீங்க மாசாமாசம் அங்க போய் மாப்பிள்ளையைத் தேடியிருக்கீங்க.”

நிக்காஹ் அன்று காலை மசாலா கொதித்தது. பழக்கதோஷத்தில் சைத்தூனைக் கூப்பிட்டார். அவள் குனிந்தாள், வாயைத் துடைத்தாள், “சரியா இருக்குங்க” என்றாள். பிறகு அவரும் ஆசையாய் ஒரு சொட்டு நக்கினார். சந்தோஷத்தில் உப்பே போட மறந்திருந்தார்.

“எட்டு மாசமா இப்படித்தானா?”

சைத்தூன் பீவி தரையைப் பார்த்தாள். “நீங்க வாயில வைக்க முடியாத சோறு எனக்கு மட்டும் எறங்குமா?”

திட்ட வாயெடுத்தவர் கரண்டியை எடுத்தார். உப்பை அள்ளிப் போட்டுக் கிளறி, முதல் சொட்டை அவள் உள்ளங்கையில் விட்டார். அவள் நக்கிப் பார்த்து, கொஞ்சம் யோசித்தாள்.

“கொஞ்சம் கம்மிங்க.”