டைலரின் கனைப்பு

எங்கள் தெரு டைலரின் காலை டாக்டர் போனிலேயே எடுத்துவிட்டார் என்று சலூனில் சொன்னார்கள். நான் பால் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் இரண்டு காலும் போயிருந்தது. என் பேன்ட் ஒன்று பாதித் தையலில் அவரிடம் கிடப்பதால், உண்மையை விசாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

போய்ப் பார்த்தால் இரண்டு காலும் இருந்தன. இடது காலை மட்டும் ஸ்டூல் மேல் நீட்டியிருந்தார். மெஷினில் அவர் மனைவி.

"கால் இருக்கே!" என்றேன்.

"உங்களுக்கு அதுல என்ன சார் வருத்தம்?" என்றார் அந்த அம்மா, தையலை நிறுத்தாமல்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர். இரண்டு வாரமாக மனுஷன் பெடலை விட்டு எழுந்திருக்கவில்லை. இடது கெண்டைக்கால் கடுகடுவென்று வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அரைநாள் வேலை கெடுமே என்று, மகள் போனில் போட்டுக் கொடுத்திருந்த வீடியோ டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார். போனை நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்து, காலைக் காட்டியிருக்கிறார்.

"வெளிச்சம் பத்தலைங்க, வீக்கம் தெரியலை. ரெண்டு கெண்டைக்காலையும் அளந்து சொல்ல முடியுமா?" என்றாராம் டாக்டர். சின்ன வயசுப் பையன்.

யாரைப் பார்த்து என்ன கேள்வி! டைலர் இஞ்ச் டேப்பை எடுத்தார். "வலது பதினாலு. இடது..." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பதினாலு."

"அப்போ பயமில்லை. சதைப்பிடிப்பா இருக்கும். ஒத்தடம் கொடுங்க."

பின்னால் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியைப் போட்டுவிட்டு ஓடிவந்து போனைப் பிடுங்கினாராம். "தம்பி, வச்சிடாதீங்க! பதினாறு! இந்த மனுஷன் கனைச்சா ரெண்டு இஞ்ச் கூட்டிக்கணும்!"

இருபத்திரண்டு வருஷ ஏற்பாடாம் அது. தொப்பை பெருத்த ஆசாமி வந்தால் முகம் வாடக் கூடாதென்று இவர் கனைத்துவிட்டு இரண்டு குறைத்துச் சொல்வார். அந்த அம்மா இரண்டு கூட்டி நோட்டில் எழுதுவார். அளவு பெரிதாக வந்ததும் வாய் பழக்கத்தில் தானாகக் குறைத்துவிட்டது.

டாக்டர் முகம் மாறிவிட்டதாம். "காலைத் தேய்க்காதீங்க. நடக்காதீங்க. இப்பவே பெரிய ஆஸ்பத்திரி. நான் லைன்லயே இருக்கேன்."

"சீருடை பாக்கி இருக்கே தம்பி" என்று இவர் இழுத்திருக்கிறார்.

"சீருடையை நான் தைக்கிறேன். நீ உசுரோட வா" என்றிருக்கிறார் மனைவி.

காலில் ரத்தம் கட்டியிருந்தது. ஒரு சின்னத் துண்டு நுரையீரலுக்கே போய்விட்டதாம். இன்னும் ஒரு நாள் மிதித்திருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு கனைப்பு! உட்கார ஸ்டூல் தேடினேன். அதில் அவர் கால் இருந்தது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது.

"டைலரே, என் இடுப்பை அளக்கும்போது..."

அவர் சுவரைப் பார்த்தார். பாவம், தொண்டைக் கட்டு என்று நான் எத்தனை முறை அவருக்கு வெந்நீர் குடிக்கச் சொல்லியிருக்கிறேன்!

"நோட்டைக் காட்டவா சார்?" என்றார் அந்த அம்மா.

"வேண்டாம்மா. அதிர்ச்சி ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்."

வெட்டு மேஜையில் வெளிர்நீலத் துணி ஒன்று விரித்துக் கிடந்தது. மூன்று நாளாக அப்படியே கிடக்கிறதாம். அந்த டாக்டர் தம்பிக்குச் சட்டை. வேண்டவே வேண்டாம் என்றவரை அந்த அம்மாதான் மிரட்டிச் சம்மதிக்க வைத்தார். போனில் அவரைக் கழுத்துக்குக் கீழே இவர்கள் பார்த்ததில்லை. அதனால் அளவை அவரையே கேட்டிருக்கிறார்கள்.

"அப்புறம் வெட்ட வேண்டியதுதானே?"

டைலர் கத்தரிக்கோலை எடுத்தார், வைத்தார்.

"மார்பு முப்பத்தெட்டுன்னு சொன்னாரு சார். சொல்றதுக்கு முன்னாடி கனைச்சாரு."