பனி ஸ்கூட்டர் பரீட்சையில் நான் சொன்ன ‘யா’

ஓட்டல் சமையலறையில் ஏழு வருடம் தட்டுக் கழுவியவனுக்கு மலையில் என்ன வேலை என்று, ஒஸ்லோவில் நாங்கள் இருந்த அம்மருட்டில் எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் விசர்தான். வடக்கே சுற்றுலாப் பயணிகளைப் பனி ஸ்கூட்டரில் கூட்டிப்போகும் முதலாளி ஒருவர், வழிகாட்டிப் பரீட்சையில் தேறினால் வேலையும், மனைவியோடு அங்கேயே வந்து இருக்க வீடும் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தத் தட்டுக் குவியலிலிருந்து தப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஸ்கூட்டர் ஓட்ட உரிமம் எடுத்தேன். முதலுதவி படித்தேன். பனிக்குள் புதைந்த ஆளைக் கருவி வைத்துத் தேடித் தோண்டினேன். புதைத்திருந்தது வெறும் பைதான். பனிச்சரிவுப் புத்தகம் மட்டும் மண்டைக்குள் ஏறவே மாட்டேன் என்றது.

கடைசிப் பரீட்சை ஒஸ்லோவிலிருந்து சில மணித்தியாலத் தூரத்து மலையில். நான் முன்னே. என்னோடு படித்த மூன்று பேர் பயணிகளாக நடித்துப் பின்னே. கடைசியில் பயிற்றுநர். ஒரு சரிவுக்கு முன்னால் அவர்களை நிறுத்திவிட்டு, நான் மட்டும் சுற்றி மறுபக்கம் போய்ப் பார்த்தேன். பனியில் மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடியது. பாரம் ஏறினால் முழுப் பனியும் சரிந்து விழலாம்.

வோக்கிடோக்கியில் பயிற்றுநர் கூப்பிட்டார்.

“சரிவைப் பார்த்தாயா?”

“யா.”

“பாதுகாப்பா?”

“யா, யா...”

“ஒவ்வொருவராக அனுப்புகிறேன்.”

“யா.”

நோர்வேஜியனுக்கு யா என்றால் சம்மதம். ஆமாம் என்கிற எங்கள் ‘ஓம்’ அப்படியா? ஒருவர் கதைத்தால் நாங்கள் ‘ஓம், ஓம்’ போட்டுக்கொண்டே இருப்போம். கேட்கிறது, மேலே சொல் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. போடாவிட்டால், ‘லைனிலை நிக்கிறியளோ?’ என்று ஏச்சு விழும். வெடிப்புக்கு நோர்வேஜியச் சொல்லை நான் தேடிக்கொண்டிருக்க, வாய் தன்பாட்டில் அந்தப் பாழாய்ப்போன ஓமை யாவாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குள் அங்கே என்ஜின் உறுமியது.

“நில்லுங்கோ! ஐயோ, நில்லுங்கோ!” என்று கத்தினேன். தமிழில் கத்தினால் அவர்களுக்கு என்ன விளங்கும்? மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கடந்தார்கள். பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பனி அசையவில்லை. கடைசி ஆளுக்குப் பின்னால் பயிற்றுநரும் வந்து சேர்ந்தார்.

அவரிடம் வெடிப்பைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“இவர்கள் உயிரோடு இருப்பது அதிர்ஷ்டத்தால். உன்னால் அல்ல,” என்றார்.

ஓம் கதையை எந்த முகத்தோடு விளக்குவது? ஃபெயில்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னேன். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். நாலு வருடம் நாயாய் அலைந்து எடுத்த நிரந்தர வேலை. அவளுடைய முகம் வெளிறிப்போனது.

“ஐயோ, நான் வேலையை விடுறன் எண்டு போன கிழமையே கடிதம் குடுத்திட்டனே!”

“ஆரைக் கேட்டுக் குடுத்தனீர்?”

“உங்களைத்தான். அந்தப் புத்தகத்தோடை இருக்கேக்கை, குடுக்கட்டோ எண்டு ரெண்டு தரம் கேட்டனான். ஓம், ஓம் எண்டு சொன்னனீங்கள்.”