உடம்பில்லாத கணினி

தாவணகெரேயில் எங்கள் மூளை நரம்பு ஆஸ்பத்திரியின் கணினிகளுக்கெல்லாம் பதினெட்டு வருஷமாகத் திப்பேசாமி ஒருவர்தான் பொறுப்பு. பதிவு மேசைக்காரியான எனக்கு அவர்மேல் மரியாதையும் உண்டு, எரிச்சலும் உண்டு. எந்தக் கணினியையும் அணைக்க மாட்டார், தூங்க மட்டுமே வைப்பார். கேட்டால், "தூங்குறவன எழுப்பலாம், செத்தவன எழுப்ப முடியுமாக்கா?" என்று என் வாயை அடைப்பார்.

சில ஊர்களின் ஸ்கேன் படங்கள் இன்னும் சிடியில்தான் வருகின்றன. அவற்றைக் காட்டும் பழைய மென்பொருள் புதுக் கணினியில் ஓடாது. அதனால் புதுக் கணினிக்குள்ளேயே மென்பொருளாலேயே ஆன, உடம்பில்லாத பழைய கணினி ஒன்றை ஓடவிட்டு, அதற்கு ஒரு சிடி டிரைவும் அமைத்திருந்தார். அந்த டிரைவை நிஜ சிடியோடும் இணைக்கலாம், சிடியிலிருந்து எடுத்து வைத்த நகலோடும் இணைக்கலாம். கீறல் விழுந்த சிடி வந்தால் நகல் எடுத்து இணைப்பார். வேலை முடிந்ததும் பழையபடி நிஜ சிடிக்கு மாற்றிவிட வேண்டும்.

வியாழன் காலை கோட்ரேசி என்ற லாரி டிரைவரின் சிடியைப் போட்டேன். திரையில் 'பசம்மா' என்று வந்தது.

"திப்பண்ணா, உங்க பெட்டி லாரிக்காரருக்குச் சேலை கட்டிவிட்டிருக்கு!"

மண்டக்கிப் பொரியை மென்றபடி சிரித்துக்கொண்டே வந்தார். அமைப்புப் பக்கத்தைத் திறந்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

"இன்னும் நகல்லயே நிக்குதுக்கா."

"மாத்திருங்க. அதுக்கு ஏன் முகம் இப்படிப் போகுது?"

"இது ஜகளூர் பசம்மாவோட நகல். சனிக்கிழமை கோயில் ஜாத்திரைக்கு ஓடுற அவசரத்துல மாத்தாம தூங்க வெச்சுட்டேன். அதுக்கப்புறம் வந்த ஒரே சிடி நேத்து ஹரிஹர பசம்மாவோடது. அத யாரு போட்டது?"

நான்தான் போட்டேன். எங்கள் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஏதாவதொரு பசம்மாமேல்தான் விழும். பெயர் சரியாக இருந்தது, ஊரையும் வயதையும் நான் பார்க்கவில்லை. திரையில் வந்த படத்தை அப்படியே அச்செடுத்து, அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் நாகவேணிக்கு அனுப்பினேன்.

திப்பேசாமி டிரைவை நிஜ சிடிக்கு மாற்றி, ஹரிஹர பசம்மாவின் சிடியைத் தேடியெடுத்துப் போட்டார். டிரைவ் கரகரவென்று சுழன்றது. மூளையில் கட்டி வலது பக்கம் இருந்தது. நான் அனுப்பிய படத்தில் இடது பக்கம்.

அன்றைய அறுவை சிகிச்சைப் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. பசம்மா, ஹரிஹரா, எட்டு மணி. கடிகாரத்தில் ஒன்பது இருபது.

"அக்கா, யாரு கேட்டாலும் என் தப்புன்னு சொல்லுங்க. நீங்க வாயத் தெறக்காதீங்க."

"போட்டது நான்தானே!"

"பேச நேரமில்ல" என்று ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். இரண்டு மாடி ஏறுவதற்குள் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன்.

ஆபரேஷன் அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. பசம்மாவின் கணவர் பெஞ்சிலிருந்து எழுந்து கும்பிட்டார்.

"ஏன் சாமி இப்படி ஓடி வர்றீங்க? முடிஞ்சிருச்சா? நல்லா இருக்காளா?"

திப்பேசாமி அவரைப் பார்க்கவே இல்லை. கதவைத் தட்டக் கையை ஓங்கினார். அதற்குள் கதவு திறந்தது. முகக்கவசத்தை இறக்கியபடி டாக்டர் நாகவேணி நின்றார்.

"உங்களத்தான் கூப்பிட வந்தேன் திப்பேசாமி. அந்த சிடிய இன்னொரு தடவ காட்டுங்க. இடது பக்கம் மண்டையத் தெறந்தாச்சு. படத்துல இருந்த எடத்துல கட்டியே இல்ல."